வீட்டில் தினமும் இலைச் சாப்பாடு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சில மாதங்கள், கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிள்ளானில் எங்கள் வீட்டில் தினமும் வாழை இலையில்தான் சாப்பாடு. தீபாவளிக்கும் திவசத்துக்கும் மட்டும் இலை போடுகிற வீடு அது. திடீரென்று சாதாரண செவ்வாய்க்கிழமை கருவாட்டுக் குழம்புக்கும் இலை. நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரிலேயே நாங்கள்தான் பெரிய பணக்காரர்கள் என்று பள்ளியில் சொல்லித் திரிந்தேன்.

இந்த வாழ்வு வந்தது சித்தப்பாவால். அப்பாவின் ஒரே தம்பி. வடக்கே எல்லை வரைக்கும் லோரி ஓட்டியவர், வேலையை விட்டுவிட்டு ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். எய்ட்ஸ் கிருமி என்று பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். எப்படி வந்தது என்பதைக் கதவுக்கு உள்ளேகூடப் பேசவில்லை. அப்பா தம்பியைப் போகச் சொல்லவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அம்மாவிடம் மட்டும், “அவனுக்குத் தனித் தட்டு வச்சிரு” என்றார்.

“சரிங்க” என்றார் அம்மா. என் அம்மா சரிங்க என்று சொன்னால் ஏதோ செய்யப் போகிறார் என்று பொருள். மறுநாள் பின்பக்க வாழையிலிருந்து இலை அறுத்து வந்து எல்லோருக்கும் விரித்தார். அப்பா இலையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். “தட்டு கழுவிக் கழுவி இடுப்பு போச்சுங்க. இது தின்னுட்டு மடிச்சிப் போட்டுரலாம்” என்றார் அம்மா. அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். ரசம் இலையை விட்டு ஓடி என் பாவாடைக்கு வந்ததைத் தவிர அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

எனக்குச் சித்தப்பாவை ரொம்பப் பிடிக்கும். சாப்பிடும்போது தன் நோயைப் பற்றிக் கதை மாதிரி சொல்வார். கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

“பாப்பா, நம்ம ரத்தத்துல ஜாகா இருக்காங்க. ஃபேக்டரி வாசல்ல காவலுக்கு நிப்பாங்கள்ள, அந்த மாதிரி. எந்தக் கிருமி வந்தாலும் அடிச்சித் தொரத்திருவாங்க. இந்தக் கிருமி கெட்டிக்காரன் லா. நேரா ஜாகா கொட்டாய்க்குள்ளயே பூந்துருவான். ஜாகாவையே வேலை வாங்கி, தன்ன மாதிரியே நெறைய ஆள செஞ்சிக்குவான். கடைசில ஜாகா செத்துருவான். அப்பறம் சும்மா சளி காச்சல்கூட வந்து சட்டமா உக்காந்துக்கும்.”

“அப்ப மருந்து அவன அடிச்சிப் போட்டுருமா?”

“போடாது. புதுசா ஆள் செய்ய விடாம தடுக்கும், அவ்வளவுதான். ஒரு மருந்த ஏமாத்திருவான்னு பல மருந்தா சேத்துக் குடுக்கறாங்க. நேரம் தவறக் கூடாது. விட்டு விட்டு சாப்ட்டா பழகிப்போய் மருந்தயே மதிக்க மாட்டான்.” பிறகு குரலை இன்னும் உயர்த்துவார். “ரத்தத்துல போவும். புருசன் பொஞ்சாதி உறவுல போவும். அம்மாகிட்டருந்து புள்ளைக்குப் போவும். தட்டுல போவாது பாப்பா.”

பக்கத்தில் இருக்கும் எனக்கு எதற்கு இவ்வளவு சத்தம் என்று நினைப்பேன். அப்பா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

மருந்து சித்தப்பாவைப் படாத பாடு படுத்தியது. எது சாப்பிட்டாலும் குமட்டல். ஒரு மத்தியானம் குளியலறையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். “போதும் அண்ணி. இனிமே மாத்திரை வேணாம். இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்” என்றார். அம்மா கையில் மாத்திரையும் தண்ணீருமாக நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது முன்னறையில், விரித்த பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “விட்டு விட்டு சாப்ட்டா அது மருந்த மதிக்காதுன்னு நீதானடா சொன்ன. எடுத்து முழுங்கு.”

சித்தப்பா கையை நீட்டி மாத்திரைகளை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு அப்பாவே காரில் கூட்டிப் போனார். சில மாதங்கள் கழித்து எல்லோரும் சேர்ந்து கோலாலம்பூர் போனோம். டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்ததில் கிருமி கருவிக்கே அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டதாம். அடியோடு போகவில்லை, எங்கோ ஒளிந்துதான் இருக்கும், ஆயுசுக்கும் மாத்திரை உண்டு என்றாராம். ஆனால் ஜாகாக்கள் திரும்பி வருகிறார்களாம்.

வருகிற வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். சித்தப்பா நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைப் பாதி குடித்துவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று கிளாஸைத் தள்ளி வைத்தார். அப்பா அதைப் பார்த்தார். கையை நீட்டி எடுத்தார். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “சீனி கூட போட்டுட்டான்” என்றார்.

எனக்கு அநியாயமாகப் பட்டது. தோழியின் ஐஸ்கிரீமை ஒரு கடி கடித்ததற்கு என்னை முட்டி போட வைத்த மனிதர் அவர். “அம்மா, அப்பா சித்தப்பாவோட எச்சில குடிச்சிட்டாரு” என்று கடைக்கே கேட்கும்படி புகார் சொன்னேன்.

சித்தப்பா ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எச்சில் குடித்ததற்காக அத்தனை பேர் முன்னால் அழ வேண்டுமா, வீட்டுக்குப் போய் அப்பாவைத் திட்டினால் போதாதா என்றுதான் எனக்குத் தோன்றியது.