மூணு மூலை மனை

வேங்கிக்கால் மனையில் சுற்றுச்சுவருக்குக் கோடு போட, மேஸ்திரி சுண்ணாம்புத் தூளைக் கொட்டினார். அந்த நெடி ஏறியதும் எண்பதுகளின் ஒரு காலை வந்து நின்றது. அன்றும் இதே இடம், இதே தூள்.

அப்போது இது எங்கள் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை விளைந்த நிலம். குறுக்காக ஏரிக்கரைக்கு ஓர் ஒற்றையடிப் பாதை. சாயங்காலமானால் தெருவே அதில் காற்று வாங்கப் போகும். அப்பா ஒவ்வொரு தடவையும் பாதையையும் சேர்த்துத்தான் உழுவார். மறுநாளே கால்கள் அதே இடத்தில் அதைத் திரும்ப வரைந்துவிடும். அவர் யாரையும் தடுத்ததில்லை.

கொல்லையை மனைகளாகப் பிரித்துக் கோடு போட்ட அந்தக் காலையில், பாதையை அப்படியே விட்டுவைக்கச் சொன்னார் அப்பா. புரோக்கர் சிரித்தார். "குறுக்கால வழி வுட்டா ஒரு மனை மூணு மூலையா நிக்கும் நைனா. எவன் வாங்குவான்?"

"அத நாங்களே வெச்சிக்கிறோம்," என்றாள் அம்மா.

அதில்தான் இப்போது என் மகள் வீடு கட்டுகிறாள். பாதையும் எங்கள் பட்டாவில்தான் இருக்கிறது.

"வழியயும் உள்ள சேத்து சுவரு வெச்சிடலாம்மா. ஜன்னலோரம் யார் யாரோ போவாங்க, நான் தனியா இருக்கப்போறவ," என்றாள். எனக்கும் அதே பயம். சரியென்று சொல்லியிருந்தேன்.

மூன்று சக்கர சைக்கிளில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தி வெள்ளைக் கோட்டருகே தயங்கினாள். "இப்பிடிப் போலாமாங்க?"

"போங்க" என்றது என் வாய்தான். மகள் திரும்பிப் பார்த்தாள். சக்கரம் கோட்டைத் தாண்டி, சுண்ணாம்பை ஏரிக்கரைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.