இங்கே தகவல் தேடித் தரப்படும்

அடுத்தவர் கேள்விக்குப் பதில் தேடித் தரும் வேலையில் ஒரு தொல்லை உண்டு: பதில் கிடைக்காவிட்டால் நாம் உதவாக்கரை, கிடைத்துவிட்டால் அந்தப் பதிலுக்கே நாம்தான் காரணம்.

ஆவடி ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில், பாஸ்கர் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் இந்த வேலையைச் சில வருடங்கள் பார்த்தேன். டிகிரி முடித்த கையோடு சேர்ந்தது. கேட்டதைத் தட்டினால் பதில் வந்து விழுகிற காலம் இல்லை அது. அப்போது நாங்கள் நம்பியது இன்டர்நெட்டில் இருந்த துறைவாரிப் பட்டியல்களைத்தான். வியாபாரம், உடல்நலம், அரசு, ஊர்கள் என்று முதல் பக்கத்தில் தலைப்புகள் இருக்கும். ஒன்றை அமுக்கினால் உள்ளே குட்டித் தலைப்புகள். அதையும் அமுக்கினால் இன்னும் குட்டி. எங்கோ வெளிநாட்டில் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு வெப்சைட்டாகப் பார்த்து அடுக்கி வைத்தது. டெலிபோன் லைனில் ஒவ்வொரு பக்கமும் நெளிந்து நெளிந்து இறங்கும். தப்பான தலைப்பில் நுழைந்துவிட்டால் திரும்ப வாசலுக்கு வரவேண்டும். நீங்களும் இப்படி ஒரு கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊரார் வாயில் விழுந்தவர் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

ஊர் எங்கே?

அம்பத்தூரிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். ஸ்கூல் மலருக்காக அம்பத்தூரைப் பற்றி இன்டர்நெட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துத் தரச் சொன்னார். ஆசியா, இந்தியா, தமிழ்நாடு, சென்னை என்று இறங்கினேன். சென்னைக்குக் கீழே ஓட்டல்கள், டிராவல்ஸ், மறுபடியும் ஓட்டல்கள். அதோடு பட்டியல் முடிந்துவிட்டது. அவ்வளவு ஃபேக்டரியும் அவ்வளவு ஜனமும் இருக்கிற ஊருக்கு ஒரு வரிகூட இல்லை. டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப ஓட்டல் கட்டினாத்தான் ஊருன்னு ஒத்துப்பாங்களா?"

தோண்டுகிற ஆள்

கன்னியப்பனுக்கு வானகரத்தில் கொஞ்சம் நிலம். தலைமுறை தலைமுறையாகக் கீரையும் கத்தரியும் போட்டு வந்த குடும்பம். ரோடு போட நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். நஷ்டஈடு விஷயமாக எந்த ஆபீசுக்குப் போனாலும் வேறொரு ஆபீசைக் கைகாட்டினார்கள். ஆவடியில் கட்டிக்கொடுத்த மகள் சொல்லி எங்களிடம் வந்தார். "யாராண்ட போயி கேக்கணும், அத்த மட்டும் பாத்து சொல்லும்மா, போதும்" என்றார்.

அரசு என்ற தலைப்பில் நுழைந்து, அதற்குள் போய், அதற்கும் உள்ளே போய், ஒருவழியாக அந்தத் துறையின் பக்கத்தைப் பிடித்தேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். பக்கம் மெதுவாக இறங்கியது. 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வரி. அதன் கீழே மண்வெட்டியால் மண்ணை அள்ளி அள்ளிப் போடுகிற ஒரு குட்டி மனிதனின் படம், அசைந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வந்து பார்த்தார். அந்த ஆள் அள்ளிக்கொண்டேதான் இருந்தான். கடைசியாக வந்த அன்று கன்னியப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "என் நெலத்துலயும் இவந்தாம்மா தோண்டிகினு கீறான்."

மாப்பிள்ளை கம்பெனி

அண்ணனூரிலிருந்து ஒருவர் வந்தார். மகளுக்கு அமெரிக்க மாப்பிள்ளை, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. "அவன் சொல்ற கம்பெனி நெசமாவே கீதான்னு பாரு" என்றார். வியாபாரம், கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் என்று இறங்கிப் பார்த்தேன். அந்தப் பெயர் இல்லை. வேறு வழியாகப் போனேன், அங்கேயும் இல்லை. "இதுல இல்லேன்னா கம்பெனியே இல்லேன்னு அர்த்தம் இல்லைங்க. இன்னும் சேர்க்காம இருக்கலாம்" என்று சொன்னேன். இரண்டு மூன்று முறை சொன்னேன். "உலகத்துல கீற கம்பெனியெல்லாம் போட்டவன் இவன் கம்பெனிய மட்டும் வுட்டுடுவானா?" என்று போய்விட்டார். சம்பந்தம் நின்றுபோனது.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் பயோடேட்டா அடிக்க வந்தாள். கம்பெனி நிஜம்தான், அந்தப் பையன் வேறொருத்தியைக் கல்யாணம் செய்து கூட்டிப் போய்விட்டான் என்று அவள்தான் சொன்னாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரின்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, அந்தப் பட்டியல்ல நான் கீறேனா பாருங்க. இல்லேன்னா நானும் இல்லேன்னு எங்கப்பாவாண்ட சொல்லிடலாம்."

துரையின் கால்

அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியிலேயே ஃபிட்டராக இருந்தவர் செல்லத்துரை மாமா. திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் எங்கள் அடுத்த பிளாக். அவருடைய ஒரே மகன் துரை ஓடினால் விழுவான், மாடிப்படி ஏறும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறுவான். டாக்டர் ஒரு துண்டுச் சீட்டில் நோயின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். விளக்கமாக எதுவும் சொல்லவில்லை.

உடல்நலம், நோய்கள், தசை. அன்றைக்கென்று எந்தத் தலைப்பும் தப்பவில்லை, லைனும் அறுந்துபோகவில்லை. அதே நோயுள்ள பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு பக்கம் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். எந்த வயதில் நடை நிற்கும், அதற்குப் பிறகு என்ன ஆகும், எல்லாமே. நான் படிக்கப் படிக்க மாமா ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து போட்டிருக்கா?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். நாலு வாடிக்கையாளர்கள் பின்னால் காத்திருக்கும் இடத்தில், இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். மருந்து இல்லை என்பதையும் சொன்னேன்.

வீட்டில் அத்தையிடம் எதுவும் சொல்லவேண்டாம் என்றார். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சந்து வழியாக வந்து நான் பார்த்ததில்லை. அன்று வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்று கேட்டார்: "தேடிப் பாருன்னுதானே சொன்னேன் தாயி, நீ எதுக்குக் கண்டுபிடிச்ச?"

பெட்டி வந்தது

பிறகு அந்த வெள்ளைப் பக்கம் வந்தது. நடுவில் ஒரு பெட்டி, அதில் எதைத் தட்டினாலும் பதில். ஆட்டோக்காரர்கள்கூட ஒரு விரலால் தட்டித் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தலைப்பு, யாருக்காக, எதற்காக என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தேட ஆரம்பிப்பேன். அந்தக் கேள்விகள் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒருநாள் பாஸ்கர் அண்ணன் என் நாற்காலி இருந்த இடத்தில் இன்னொரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். என்னை வெளியே கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "கோச்சிக்காதம்மா, அந்தப் பொட்டியக் கேட்டா பதில் சொல்லுது, உன்னக் கேட்டா திருப்பிக் கேள்வி கேக்குற."

ஊர் கேட்டதற்கெல்லாம் தலைப்பு தெரிந்து வைத்திருந்த எனக்கு, அடுத்த வேலையை எந்தத் தலைப்பின் கீழ் போய்த் தேடுவது என்பது மட்டும் அன்று தெரியவில்லை.