எனக்கு அவுட் கிடையாது

சொலூஷன் வாடை முதலில் மூக்குக்கு இனிக்கும். பிறகு தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்கு என்றாலும் இறங்காது. ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க அந்த வாடைதான். ஷூவின் மேல்பாகமான 'அப்பர்'களை அம்மா கம்பெனியிலிருந்து கட்டாக எடுத்துவந்து, ஓரத்தில் சொலூஷன் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி அடுக்குவாள். ஒருநாள் நானும் உதவுகிறேன் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் எழுந்தபோது ஒரு அப்பர் என் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முழங்காலில் ஷூ போட்டவன் அநேகமாக உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். அதோடு அம்மா எனக்கு வேலை தருவதை நிறுத்திவிட்டாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் என் உடம்புக்குப் 'பெருமூளை வாதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் சுருக்கமாக 'இழுப்பு'. இடது கையை இந்தப் பக்கம் அனுப்பினால் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வரும். நடந்தால் கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றின் குறுக்கே ஒன்று விழும். "சும்மா ஒக்காருப்பா, ஒனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்பார்கள் பெரியவர்கள். எனக்கு வராத ஒரே வேலை அதுதான். பதினைந்து வயதில் உடம்பும் சும்மா இருக்காது, மனசும் சும்மா இருக்காது. வாசலுக்கும் கூடத்துக்குமாக நான் இழுத்து இழுத்து நடந்ததில் சிமெண்ட் தரை வழவழப்பாகிவிட்டது.

நான் ஓடி ஒளிய ஒரு இடம் இருந்தது. தோல் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானம். அங்கே தெருப் பையன்கள் எல்லா ஆட்டத்திலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒப்புக்குச் சப்பாணியாக. சின்னக் குழந்தைகளை அழாமல் இருக்க ஆட்டத்தில் சேர்ப்பார்களே, அந்தப் பதவி. பொதுவாக ஏழு வயதில் அதிலிருந்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். எனக்கு மீசை அரும்பியும் பதவி போகவில்லை. சப்பாணியைத் தொட்டாலும் அவுட் இல்லை, பிடித்தாலும் அவுட் இல்லை. கண்ணாமூச்சியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தால், கண்டுபிடிக்க வருகிறவன் என்னை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தாண்டிப் போவான்.

அந்தக் கோடை விடுமுறையில் மேட்டுத்தெருவோடு மேட்ச். பந்தயம், ஒரு புது கார்க் பந்து. எங்கள் ஆள் ஒருத்தன் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போய்விட்டதால் பதினோராவது ஆள் இல்லை. எங்கள் கேப்டன் இம்தியாஸ் என்னைப் பார்த்தான். நான் ஏற்கெனவே பேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இவன் எங்க ஆளு. ஃபுல் ஆளு," என்றான் இம்தியாஸ்.

மேட்டுத்தெரு கேப்டன் குமரேசன் தாராள மனசுக்காரன். "பரவால்ல பா, ஆடட்டும். பாவம், அவனுக்கு அவுட்டு வாணாம்" என்றான்.

கடைசியில் எங்களுக்கு நான்கு ரன் வேண்டும், ஒரே விக்கெட் பாக்கி. அந்த விக்கெட் நான்தான். ஸ்டம்புக்குப் பதில் ஷெட்டிலிருந்து வந்த காலி டின் நின்றது. எனக்காக ஓட இம்தியாஸ் பக்கத்தில் நின்றுகொண்டு காதில் சொன்னான்: "தோஸ்த், நீ சும்மா நில்லு, போதும். எப்பனா ஒருவாட்டி பேட்ல படும். நான் ஓடிக்கிறேன். உன்ன எவனும் அவுட் ஆக்க முடியாது."

கணக்கு சரிதான். தோற்கவே வழியில்லாத மேட்ச்.

குமரேசன் பந்தை உருட்டிவிட்டான். நான் பேட்டைச் சுழற்றினேன். பேட் ஒரு ஊர் போனது, நான் ஒரு ஊர் போனேன். 'டங்' என்றது டின். யாரும் கத்தவில்லை. "ட்ரயல் பா, ட்ரயல்" என்றான் குமரேசன். அடுத்ததும் 'டங்'. "அவன் ரெடி சொல்லல" என்றான் எங்கள் அம்பயர். மூன்றாவது 'டங்'குக்கு ஷெட் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். இரண்டு தெருப் பையன்களும் ஒரே குரலில் "நோ பால்" என்றார்கள். அதுவரை அந்த இரண்டு தெருவும் எதிலுமே ஒத்துப்போனதில்லை.

எனக்குள் என்னவோ பிய்த்துக்கொண்டது. "அவுட்டு! நான் அவுட்டு!" என்று கத்திவிட்டு, பேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கோபமாக வெளியேறுவது என் நடைக்குப் பொருந்தாத காரியம். இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"டேய், நீ அவுட் இல்லடா! போய் நில்றா!" என்று கத்தினார்கள் எங்கள் பையன்கள்.

"டின்னு டங்குனு சொல்லுச்சா இல்லியா? மேட்ச் முடிஞ்சிச்சி."

குமரேசன் கொஞ்சம் தயங்கிவிட்டு, பந்தயப் பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் இம்தியாஸ் ஆரம்பித்தான். "பேமானி! கெலிச்ச மேட்ச்ச குடுத்துட்டு வர்றியே, மூள இருக்குதாடா ஒனக்கு? இனிமே பேட்ட தொடு, கைய ஒடிக்கிறேன்!" அச்சில் ஏற்ற முடிந்தது இவ்வளவுதான். வீட்டு வாசல் வரை பின்னாலேயே வந்து திட்டினான். அம்மா சுத்தியோடு வெளியே வந்து, "ஏண்டா, புள்ளைய இன்னான்னு நெனச்ச? ஒடம்பு முடியாதவன போயி…" என்று பாய்ந்தாள்.

"அம்மா, நீ உள்ள போ. அவன் என்னத்தான திட்றான்," என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு வாரம் அவன் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இழுத்து நடந்தேன். பிறகு டீம் பிரிக்கும்போது என்னைக் கடைசியில்தான் எடுப்பார்கள்; ஆனால் டின் சத்தம் போட்டால் அவுட்.

இப்போது அந்த மைதானத்தில் ஒரு ஷூ கம்பெனியின் பஸ்கள் நிற்கின்றன. பையன்கள் பைபாஸ் ஓரம் வலை கட்டிய புல்தரையில் ஆடுகிறார்கள். எனக்குத் தலை நரைத்துவிட்டது. எங்கே போனாலும் முதலில் நாற்காலி வருகிறது, பிறகு ஜூஸ். வேலை செய்யும் இடத்தில் கணக்கைத் தப்பாக ஏற்றினால், "பரவால்ல சார்" என்று சின்னப் பையன் திருத்திவிட்டுப் போகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை இம்தியாஸ் கடையில் கேரம் ஆடினோம். என் ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தது; தப்பாட்டம், முறை அவனுக்குப் போக வேண்டும். அவன் அதைச் சத்தமில்லாமல் எடுத்து மறுபடி என் பக்கமே வைத்து, "ஆடுடா" என்றான்.

நான் எழுந்தேன். வாசலை நோக்கி எவ்வளவு கோபமாக முடியுமோ அவ்வளவு கோபமாக நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தப் பழைய வாய் திறக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"படி இருக்குது," என்றான் அவன். "பாத்து எறங்கு."