வாசித்துக் காட்டாத வகுப்பு

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அக்காவுக்கு இருபத்தெட்டு வயது வரை எழுத்து தெரியாது. வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் யாராவது வாசித்துச் சொல்லிவிடுவார்கள். கேட்டதோடு வேலை முடிந்துவிடும். தனக்குப் படிப்பு ஏறாமல் போனதே அதனால்தான் என்பது அவள் முடிவு. கடை அடைத்தபின் அதே இஸ்திரி மேஜையைச் சுற்றிப் பெண்களை உட்காரவைத்து அவள் சொல்லித்தரத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. பாடப்புத்தகம் கிடையாது. அவரவர் வீட்டுக்கு வரும் தாள்தான் பாடம்.

இப்படி ஒரு வகுப்பு நடத்தக் கற்றுக்கொள்ள இளவட்டங்கள் மூவர் வந்தபோது ஒரே ஒரு விதிதான் சொன்னாள்.

"தாளை அவங்க பக்கம் திருப்பி வை. நீ எதிர்ல உட்காரு. சொல்லிடலாமான்னு வாய் துறுதுறுக்கும். திறக்காதே."

மூவரில் நெடுநெடுவென்று வளர்ந்த பெண்ணை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்பார்கள். அவள் விதியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். யாரையும் லேசில் மெச்சாத அக்கா அவளைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள்.

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அத்தை ஒரு கடிதம் கொண்டுவந்தாள். ஆறு வருஷமாக அரசாங்க வீட்டுக்குக் காத்திருப்பவள். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று வருஷா வருஷம் வரும் தாள்தானே, படித்துப் பழக ஆகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதல் பக்கம் முழுக்க விதி எண்ணும் பிரிவு எண்ணும். தாளை அத்தை பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒட்டடைக்குச்சி எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தை எடுத்துக் குடேன்டி. குறைஞ்சா போயிடுவே?"

"நீங்களே படிச்சிருவீங்க அத்தை."

"ஆள் வளர்ந்த அளவுக்கு மனசு வளரல."

நாளுக்கு இரண்டு வரி நகர்ந்தது. பன்னிரண்டாம் நாள், கடைசிப் பத்தியை அத்தை ஓரிடத்திலும் தடுமாறாமல் வாசித்தாள். வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பத்து நாட்களுக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

பெண்கள் கைதட்டினார்கள். அத்தையும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அர்த்தம் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் அக்காவும் ஒட்டடைக்குச்சியும் அவளை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார்.

"நேத்தே அடுத்தவங்களுக்குக் கொடுத்தாச்சும்மா. வீட்ல படிக்கத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

"எனக்கே தெரியும்," என்றாள் அத்தை.

எத்தனையோ அலுவலகங்களில் மேஜையைத் தட்டிப் பேசியவள் அக்கா. அன்று அத்தையின் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பும் வழியில் ஒட்டடைக்குச்சி கேட்டாள். "நீங்க சொன்னபடிதானே அக்கா செஞ்சேன்?"

"ஆமா. அப்படியேதான் செஞ்சே."

விதி தப்பென்றால் அக்காவின் பதினோரு வருஷம் போயிற்று. சரியென்றால் அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாது.

அடுத்த நாளும் அத்தை வகுப்புக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து, எழுத்து அக்கா பக்கம் இருக்கும்படி மேஜையில் வைத்தாள்.

"நீயே படிச்சுச் சொல்லிடு. எனக்கு வேண்டாம்."

சீட்டைத் திருப்பி வைக்க நீண்ட அக்காவின் கை பாதியில் நின்றது. ஒட்டடைக்குச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வாசித்தாள்: காலை ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று.

அத்தை கேட்டுக்கொண்டாள். கேட்டதோடு வேலை முடிந்தது.