நடுவில் நிற்பவர்களுக்குக் கேட்காத சத்தம்

சாட்டிக் கடற்கரையில் ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் நின்று பேஸ் கிற்றார் வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். என் மனைவி தண்ணீர்ப் போத்தலை நீட்டியபடி கேட்டாள்.

"ஏன் இண்டைக்கு நீங்கள் சும்மா நிண்டனீங்கள்?"

"சும்மா நிண்டனானோ? விரல் சிவந்து கிடக்குது, பாரும்."

"எனக்கெண்டால் ஒண்டும் கேக்கேல்லை. கிற்றாரைத் தடவிக்கொண்டு நிண்ட மாதிரித்தான் இருந்தது."

அவள் சனத்துக்கு நட்டநடுவில், மேடைக்கு நேரே கதிரை போட்டு இருந்தவள். என்னைச் சீண்டுவாளே தவிரப் பொய் சொல்லமாட்டாள். மேடையில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன அம்ப் பெட்டியில் ஒவ்வொரு சுரமும் எனக்குக் கேட்டது. அப்படியென்றால் மேடைக்கும் சனத்துக்கும் இடையில் யாரோ என்னை விழுங்கியிருக்கிறார்கள். எனக்கு உடனே இரண்டு முகங்கள் ஞாபகம் வந்தன.

என் சந்தேக புத்திக்கு என் உத்தியோகமும் ஒரு காரணம். நான் வேலணைப் பக்கம் கிராம அலுவலர். இன்னார் இந்த ஊரில்தான் வசிக்கிறார் என்று கையெழுத்து வைப்பது என் வேலை. கொழும்பில் குடியிருந்துகொண்டு இங்கேதான் சமைத்துச் சாப்பிடுகிறேன் என்பவர்களும் வந்து நிற்பார்கள். நான் அவர்களுடைய கிணற்றடிக்குப் போய் வாளிக்கயிறு நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பத்து வருடம் கயிறு தொட்டவன் கிற்றார் பிடித்தாலும் அதே கைதான். "உங்களுக்குச் சந்தேகம் இல்லாட்டில் சோறு செமிக்காது" என்று மனைவி சொல்லுவாள்.

முதல் முகம் எங்கள் குழுவின் தலைவருடையது. கீபோட் வாசிப்பவர், ஊர்காவற்றுறைக்காரர், என்னைவிட மூத்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுபவர். அவருடைய தங்கை கனடாவிலிருந்து அவருக்குப் புதுக் கீபோட் ஒன்று அனுப்பியிருந்தாள். முதல் பயிற்சியிலேயே இடது கையால் கீழ்ச் சுரங்களை அமத்திக் காட்டினார்.

"இஞ்ச பாரும், ரண்டு விரல் வைச்சாக் காணும். உம்மட கிற்றார் மாதிரியே வருகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் என் கண் கிற்றார்ப் பெட்டிக்குப் போனது. எங்கள் பக்கத்தில் ஒரு குழு ஆளைக் குறைக்கக் காரணம் தேட வேண்டியதில்லை, படகு இருக்கிறது. நெடுந்தீவுக்கோ எழுவைதீவுக்கோ போவதென்றால் ஒவ்வொரு சாமானையும் பொலித்தீனில் சுற்றி, இறங்குதுறையில் ஆளுக்கு ஆள் கை மாற்றி ஏற்ற வேண்டும். அதில் என் கிற்றார்ப் பெட்டியும் அம்ப்பும்தான் பாரம் கூடியவை. பேஸைக் கீபோட்டின் இடது கையே பார்த்துக்கொண்டால் படகில் இரண்டு சாமானும் ஓர் ஆளும் குறையும். பதினான்கு வருடமாக அந்தக் குழுவில் வாசிக்கிறேன். வேறு குழுவுக்குப் போகும் வயதும் இல்லை, சொன்னால் வெட்கம், தனியே வைத்து வாசித்து ரசிக்கும் வாத்தியமும் இல்லை பேஸ். அந்த இடம் போனால் எனக்கு வாளிக்கயிறு மட்டும்தான் மிச்சம்.

இரண்டாவது முகம் சவுண்ட்ஸ்காரருடையது. நெடுந்தீவில் பிறந்து வேலணையில் கலியாணம் முடித்தவர், என்னிலும் ஏழெட்டு வயது இளையவர், அதிகம் பேசமாட்டார். மேடையின் இடது ஓரத்தில், ஸ்பீக்கர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, எல்லார் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்சரோடு இருப்பார். சாட்டியில் நான் அவரிடம் போனதும், ஒன்றும் கேட்க முதலே சொன்னார்.

"நான் உங்கட சத்தத்தை ஒண்டும் குறைக்கேல்லை அண்ணை."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். மனைவி சொன்னதை அவரும் கேட்டிருப்பார் என்று இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சாட்சியம் சேர்க்கத் தொடங்கினேன். மிக்சரில் ஒவ்வொருவருடைய வழிக்கும் கீழே வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார். கீபோட்டுக்கு இரண்டு வழி, எனக்கு ஒன்று. அதைப் போனில் படம் எடுத்து வைத்தேன். இப்போதைய கீபோட்டுகளில் இடம், வலம் என்று இரண்டு வயர் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் படம் எடுத்தேன்.

வேலணையில் ஒரு கலியாண மண்டபத்தில் மத்தியான விருந்துக்கு வாசித்தோம். சனம் வர முதல் நீள வயர் ஒன்றைப் பூட்டி, வாசித்துக்கொண்டே மண்டபத்தின் நடுவுக்கு இறங்கிப் போனேன். கம்பியில் விரல் உரசும் சத்தம் மட்டும் மேலே தொங்கிய சின்னப் பெட்டிகளில் வந்தது. கனம் இல்லை. நிலத்தில் வைத்திருந்த இரண்டு பெரிய பெட்டிகளும் வாயை மூடிக்கொண்டிருந்தன. கிற்றாரில் பேஸ் திருகியைக் கடைசி வரைக்கும் திருகினேன். ஒன்றும் கூடவில்லை.

"நல்லா வருகுது அண்ணை" என்றார் சவுண்ட்ஸ்காரர் தன் இடத்திலிருந்து. "பேஸை விட்டிட்டு நடுச்சத்தத் திருகியைக் கொஞ்சம் கூட்டுங்கோ. அப்பதான் சனத்துக்கு விளங்கும்."

நடுவைக் கூட்டினால் என் சத்தம் தகரத்தில் தட்டுவது போலாகும், பிறகு கீபோட்டின் பேஸ்தான் திறம் என்று எல்லோரும் சொல்லுவார்கள். இதுதான் திட்டம் என்று நினைத்தேன். உண்மையில் அவர் சொன்னது முழுக்கச் சரியான ஆலோசனை. சனத்துக்குப் பேஸ் விளங்குவது அந்த நடுச்சத்தத்தில்தான்.

"வந்து என்ர கதிரையில இருந்து கேளுங்கோவன்" என்றும் கூப்பிட்டார். நான் போகவில்லை. எதிரியின் கதிரையில் இருந்து கேட்பவன் விசரன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது கச்சேரி நெடுந்தீவில், ஒரு தேவாலயத் திருவிழாவுக்கு. குறிகட்டுவானில் படகேறி உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு போய் இறங்கினோம். வெயில் சரியும் முன்னர் முன்றலில் பெட்டிகளை வைத்து ஒத்திகை பார்த்தோம். நான் ஒரு பொறி வைத்தேன். பாட்டின் நடுவில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். முன்னால் நின்ற திருவிழாக் குழுவினர் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணையின் இடது கை மட்டும் மெல்லக் கீழ்ச் சுரங்களுக்கு இறங்கியது.

அவ்வளவுதான். கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். ஊர்ச் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, சவுண்ட்ஸ்காரரின் மேசையில் கையை அடித்து வைத்தேன்.

"என்ர சத்தத்தை அமத்தச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் ஊர்ச் சனத்தைப் பார்த்தார். காது சிவந்துபோயிற்று.

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை."

"அப்ப நீராத்தான் செய்யிறீர்."

அவர் எழும்பிக் கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு, கல்மதிலைத் தாண்டிக் கடல் பக்கம் நடந்து போனார். அண்ணை மேடையிலிருந்தபடி, "என்னப்பா இது, கோயில் முற்றத்தில" என்றார். நான் அவரிடமும் சூடாகத்தான் பேசினேன்.

"உங்கட பேஸை ஒருக்கா விடுங்கோ அண்ணை. அது எவ்வளவு வடிவா வருகுதெண்டு பாப்பம்."

அவர் எரிச்சலோடு ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கீபோட்டின் கடைசிக் கீழ்க் கட்டையில் பாரமாக வைத்துவிட்டு, மற்றவர்களோடு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அந்த ஒற்றைச் சுரம் இரைந்துகொண்டே இருந்தது. நான் தனியே நின்றேன்.

சவுண்ட்ஸ்காரரின் கதிரையில் இருந்தேன். நெஞ்சு அதிரும் அளவுக்குப் பேஸ் வந்தது. எழும்பி முன்றலின் நடுவுக்குப் போனேன். சத்தம் செத்துப்போயிற்று. வலது பெட்டிப் பக்கம் போனேன், திரும்பவும் அதிர்ந்தது. நடுவுக்கு வந்தேன், இல்லை. அண்ணையின் இடது கையும் என்னைப் போலவே நடுவில் செத்துத்தான் கிடந்தது. மூன்று கச்சேரியாக அவருடைய பேஸும் சனத்துக்குப் போகவில்லை, மேளம் தட்டும் றிதம் பாட் கருவியின் கனமும் போகவில்லை. நான் என் சத்தத்தையே தேடிக்கொண்டிருந்ததால் அதொன்றும் என் காதில் ஏறவில்லை. சவுண்ட்ஸ்காரர் இடது பெட்டியோடு இருந்தபடியால் அவருக்கு எல்லாம் நன்றாகவே கேட்டிருக்கிறது.

வலது பெட்டியின் பிளக்கைக் கழற்றினேன். நடுவில் பேஸ் வந்துவிட்டது. இரண்டு பெட்டியில் இல்லாத சத்தம் ஒரு பெட்டியில் வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இரண்டும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டுகின்றன. ஒரு பெட்டியின் வயர் தலைகீழாக இருந்தால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். ஒரே கதவை ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் நின்று தள்ளினால் கதவு அசையாது, நடுவில் நடந்தது அதுதான்.

பிளக்கைத் திறந்தேன். உள்ளே இருந்த ஈயப்பற்றைக் கண்டதும் திரும்பவும் குனிந்து பார்த்தேன். அது என் கைவேலை. சாட்டிக் கச்சேரிக்கு இரண்டு நாள் முதல், உப்பு அரித்துவிட்டது என்று அந்த வயரைச் சவுண்ட்ஸ்காரர் கொண்டுவர, நான் செய்து தருகிறேன் என்று வாங்கி வீட்டில் வைத்து ஈயம் பிடித்துக் கொடுத்திருந்தேன். இரட்டை வயர், இரண்டும் ஒரே சாம்பல் நிறம். அடையாளத்துக்கு அவர் ஒன்றில் முடிச்சுப் போட்டிருந்தார். கரண்ட் இல்லாத காலத்தில் கார் பெற்றறியில் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கிடைத்த வயரில் கொழுவுவோம், நிறம் பார்க்க வழியிருக்காது. எங்கள் வளவில் முடிச்சுப் போட்டது பிளஸ். அதைத் தொட்டால் கவனம் என்று அர்த்தம். சவுண்ட்ஸ்காரர் வீட்டில் முடிச்சுப் போட்டது மைனஸ். அவர்களும் அதே காலத்தில், அதே மாதிரிப் பெற்றறியில் பழகியவர்கள்தான். முடிச்சு எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்பவன் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

அவருடைய பெட்டிக்குள்ளேயே ஈயக்கோல் இருந்தது. சூடாக்கி, வயரை மாற்றிப் பிடித்து, பிளக்கை மூடினேன். முன்றல் முழுக்கப் பேஸ் நிறைந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு அண்ணை திரும்பி வந்தார்.

"என்ன பிழை?"

"பிளக் லூசாக் கிடந்தது" என்றேன்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். வாய் முந்திவிட்டது.

"மூண்டு கச்சேரியா ஒரு பிளக்கைப் பாக்கத் தெரியாத ஆளோ?" என்றார் அண்ணை. "நீர் கத்தினதில நியாயம் இருக்கு. நயினாதீவுக்கு வேற சவுண்ட்ஸைப் பிடிப்பம்."

பக்கத்தில் நின்ற திருவிழாக் குழுக்காரர் ஒருவர், "எங்கட பெடியன் எண்டு பாத்தம், இப்பிடிச் செய்திட்டானே" என்றார். நான் கிற்றாரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சவுண்ட்ஸ்காரர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, பெட்டிகளையும் பிளக்குகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தார். அன்றைக்கு என் பேஸ் மண்ணுக்குள்ளால் போய்க் கடைசி வரிசைக்கும் கேட்டது. பதினான்கு வருடத்தில் அப்படி ஒரு சத்தம் எனக்கு அமைந்ததில்லை, அதில் ஒரு சுரத்தைக்கூட நான் ரசிக்கவில்லை. என் இடம் தப்பிவிட்டது. அதற்குப் பதிலாக அவருடைய இடம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலைப் படகில் அவர் தன் பெரிய பெட்டி ஒன்றின் மேல் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அண்ணை எதிர்ப் பலகையில். பாதிக் கடல் தாண்டும் வரைக்கும் நான் கிற்றார்ப் பெட்டியின் பொலித்தீனை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். கரை தெரியத் தொடங்கியதும், இறங்கினால் சொல்லவே மாட்டேன் என்று பயம் வந்தது.

"தம்பி, பிளக் லூஸ் இல்லை" என்றேன், அண்ணைக்கும் கேட்கும்படியாக. "நான்தான் வயரை மாறிப் பிடிச்சுத் தந்தனான். முடிச்சுப் போட்டது பிளஸ் எண்டு நினைச்சிட்டன். பிழை என்ர."

அண்ணை எதிர்ப் பலகையிலிருந்து என் பக்கம் திரும்பினார். சவுண்ட்ஸ்காரர் கடலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"ஓம் அண்ணை. நேற்றுத் திரும்பி வந்த உடன பிளக்கைத் திறந்து பாத்தனான். ஈயம் புதுசாக் கிடந்தது, ஈயக்கோல் அப்பவும் சுட்டுக்கொண்டு கிடந்தது."

"அப்ப ஏன் நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் சொல்லுறியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நயினாதீவுக்கு அவர்தான் வந்தார். அதற்குப் பிறகும் எல்லாக் கச்சேரிக்கும் அவர்தான் வருகிறார், அண்ணை என்றுதான் கூப்பிடுகிறார், என் சத்தத்தையும் நன்றாகவே வைக்கிறார். ஆனால் வயர் பழுதானால் பஸ் ஏறி யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் செய்துகொண்டு வருகிறார். எங்கள் வீடு அவர் போகும் வழியில்தான் இருக்கிறது.