மூன்றாவது கடிதம்

விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பாசியக்கா தண்ணீர் தொட்டுத் தலையைப் படிய வாரிக்கொள்வாள். இஸ்திரி போட்ட சட்டைதான் போட்டிருப்பாள். கணினி அவளைப் பார்க்கப் போவதில்லை என்று யார் சொல்லியும் பயனில்லை. "நம்மள மதிக்காதவங்களுக்கும் நாம மரியாதையாத்தான் அப்ளிகேஷன் போடணும்" என்பாள்.

சுவர்ப் பாசியை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியதால் ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இதுவரை நூற்று நாற்பது பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தாயிற்று. குடியிருப்பது தங்கை வீட்டில், ஓர் அறையில். ஜன்னலோரம் பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் பாசி வளர்க்கிறாள். "அதுக்கு ஊத்துற தண்ணியில பாதியாவது நீ குடிக்கிறியாக்கா?" என்று தங்கை தினமும் திட்டுவாள்.

நாற்பது வயது முடிந்துவிட்டால் இந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பாசியக்காவுக்கு மிச்சம் ஐந்து வாரம். திறந்திருந்தது ஒரே ஓர் இடம்.

அந்தப் பதற்றத்தில்தான் தவறு நடந்தது. பரிந்துரைக்க மூன்று பேரைக் குறிப்பிட வேண்டும். பல்கலைக்கழகமே அவர்களிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளும். பழைய விண்ணப்பத்தை அப்படியே எடுத்துப் போட்டவள், மூன்றாவது பெயரை மாற்ற மறந்துவிட்டாள். அது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டிய கைடின் பெயர். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. இனி எதையும் திருத்த முடியாது.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தபோது, திரையில் 'மூன்றாவது கடிதம் கிடைத்தது' என்றிருந்தது. பத்தே நிமிடம். உயிரோடு இருக்கும் மற்ற இருவரும் அதற்குள் மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கைடோ வாழ்ந்த காலத்தில் நாலு தடவை நினைவூட்டினாலும், "நாளைக்குப் போட்டுடறேம்மா" என்று தொண்டையைச் செருமிச் செருமி இழுத்தடித்த ஆள்.

அவர் மனைவிக்குப் போன் செய்தாள். "அவர் மெயிலை அப்பவே மூடிட்டாங்கம்மா. யாரு அனுப்புவா?" என்றார் அந்த அம்மாள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் இருந்த துறைத் தலைவி கடிதத்தைப் புரட்டினார்.

"உங்க கைடு பிரமாதமா எழுதியிருக்காரும்மா. ஏழாவது கிண்ணத்துப் பாசி மட்டும் வெயில்ல கருகலைன்னுகூட எழுதியிருக்கார்."

ஏழாவது கிண்ணத்தைப் பாசியக்காவே, அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, போன வாரம்தான் கவனித்தாள். தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

பேசாமல் தலையாட்டியிருந்தால் வேலை கைக்கு வந்திருக்கும். ஆனால் இந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல நாக்கு எழாது, பிழைக்கத் தெரியாதவள்.

"மேடம், சார் தவறி எட்டு மாசமாச்சு. இதை யார் எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது."

தலைவியின் முகம் இறுகியது. "என்னம்மா விளையாடுறீங்களா? கீழே நம்பர்கூடக் கொடுத்திருக்காரே" என்று மேசைத் தொலைபேசியை முன்னால் இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

மணி இரண்டு முறை அடித்தது. மூன்றாவதில் யாரோ எடுத்து, தொண்டையைச் செருமினார்கள்.

பாசியக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.