ஒரு அடிதானுங்க

பாப்பா, உன் வரைபடப் புத்தகத்தில் நாக்பூரிலும் ராய்ச்சூரிலும் ஜோத்பூரிலும் நீ பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாய். சித்தப்பா ரிக் வண்டியோடு போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற ஊர்கள் அவை என்று நான்தான் சொன்னேன். நம் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத பொய் அது. திருச்செங்கோட்டைச் சுற்றிலும் ரிக்கில் போய் மாதக்கணக்கில் வீடு திரும்பாதவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நான் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். டிரைவர்கள் பேச்சில் விழும் ஊர்ப்பெயர்களைக் கொண்டுவந்து உன்னிடம் சொல்வேன். நீ வட்டம் போடுவாய். போன வாரம் பள்ளி வேனில் ஒரு பெண், "உங்க சித்தப்பா ரிக்குக்கா போனாரு? ஜெயிலுக்கில்ல போனாரு" என்று சொன்னதாக வந்து கேட்டாய். "அது சும்மா வெளாட்டுக்குச் சொல்லியிருக்கும், சாமி" என்றேன். தட்டிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் பெண் சொன்னது நிஜம். என் தம்பி சேலத்தில் சிறையில் இருக்கிறான். நம் ஊர்ப் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு மனிதரை அடித்துக் கொன்றார்கள். அந்தக் கூட்டத்தில் அவனும் இருந்தான்.

அவன் முரடன் இல்லை. பண்ணையில் கோழி நோவு கண்டால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டான். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவான். இன்ஜினியரிங் முடித்துக் கோயம்புத்தூர், சென்னை என்று அலைந்து, கடைசியில் ஊரிலேயே கோழிப்பண்ணையில் நின்றான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் மாமன்மார் சும்மா விடமாட்டார்கள். "ஏம் மாப்ள, கோழிக்குத் தீவனம் வெக்கறதுக்கா நாலு வருசம் படிச்சே? கோழி இங்கிலீசுல பேசுதா?" என்பார்கள். பந்தியே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடங்களில், "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்ற கேள்விக்கு மேல் பேச்சு நகர்ந்ததில்லை. நம் சாதிசனத்தில் பெண்களே குறைவு. பெண் குழந்தை வேண்டாம் என்று முன்பு எத்தனை வீடுகளில் என்னென்ன செய்தார்கள் என்பதை நீ இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் சொல்கிறேன். பெரியவர்கள் செய்த அந்தப் பாவம் இந்தப் பையன்கள் தலையில் வந்து விடிந்தது. அவன் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டான். அவனைப் போல ஊரில் நிறையப் பேர். பொழுது சாய்ந்தால் பாலத்துத் திட்டில் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடந்துபோகும் பெரியவர்கள், "தண்டச்சோறுக" என்று காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் அந்தப் போனில் யாரோ பேசி அனுப்பிய ஒரு குரல்பதிவு வந்தது. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது, யாரையும் நம்பாதீர்கள் என்றது. பையன்கள் தடியை எடுத்துக்கொண்டு ஊர் எல்லையில் காவல் நின்றார்கள். எந்த ஊரில் எந்தப் பிள்ளை காணாமல் போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் தூக்குப்போசியில் டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "நம்ம பசங்க நிக்கறாங்க, பயமில்லீங்க" என்றார்கள். பந்தியில் கேலி பேசிய மாமன் ஒருவர் என் தம்பியை, "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். அவன் நடையே மாறிப்போனது. அவன் வண்டிக்கு நான் பெட்ரோல் போட்டுக் கொடுத்தேன். "எந்தம்பிதான் முன்னால நிக்கறான்" என்று பட்டறையில் பெருமை பேசினேன்.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வடநாட்டுக்காரர், இங்கே கோழிப்பண்ணையில் வேலை செய்யும் தன் ஊர்க்காரரைத் தேடி ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினார். தமிழ் தெரியாது. மளிகைக்கடையில் பிஸ்கட் வாங்கித் தின்றுகொண்டே, பக்கத்தில் நின்ற சின்னக் குழந்தைக்கு ஒன்றை நீட்டினார். யாரோ கத்தினார்கள். நான் பட்டறையிலிருந்து வந்தபோது தெருவில் ஒரு ஆள்கூட இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

"ஒரு அடிதானுங்ணா அடிச்சேன்" என்றான் தம்பி. "நான் போறதுக்கு முந்தியே அந்தாளு உழுந்து கெடந்தாரு." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே வராண்டாவில் எல்லாப் பையன்களின் வீட்டாரும் நின்றார்கள். ஒருவர் தவறாமல் அவரவர் வக்கீலிடம், "எங்க பையன் ஒரு அடிதானுங்க" என்றே சொன்னார்கள். இறந்தவரின் அண்ணன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரும்பத் திரும்ப ஒரே சொல் காதில் விழவும், இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கூட வந்தவரிடம் கேட்டார். அவர் சொன்னதும், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது நான் தரையைப் பார்த்தேன்.

வேலையில்லை, பெண் கிடைக்கவில்லை, போன் கெடுத்தது என்று பிறகு எத்தனையோ பேர் காரணம் சொன்னார்கள். அவை பொய்யில்லை. ஆனால் அதே கஷ்டத்தோடு வீட்டிலேயே இருந்துகொண்ட பையன்களும் நம் ஊரில் உண்டு. அதனால் என் தம்பி செய்தது குறைந்துவிடாது. எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். சும்மா நின்றபோது அவனை எச்சில் இலை மாதிரி பார்த்த நாங்கள், கையில் தடி வந்ததும் நாற்காலி போட்டோம். மரியாதை எப்போது கிடைக்கும் என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது ஊர். அந்த ஊரில் நானும் ஒருவன்.

இன்னும் ஒன்று பாக்கி. அதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மளிகைக்கடை வாசலில் நின்ற அந்தக் குழந்தை நீதான், பாப்பா; உனக்கு அப்போது நினைவு நிற்காத வயது. வேனில் வேறு யாராவது இதையும் சொல்வதற்கு முன் நான் சொல்லவேண்டும். உன்னால்தான் எல்லாம் நடந்தது என்று ஒருநாளும் நினைத்துவிடாதே. அவர் நீட்டிய பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு நீ அவரைப் பார்த்துச் சிரித்தாயாம். கடைக்கார அக்கா அழுதுகொண்டே சொன்னார். நம் ஊருக்கு வந்த அந்த மனிதரை அன்றைக்கு மனுசராகப் பார்த்தது நீ ஒருத்திதான், சாமி.